யாரைப் பார்த்து யார் எழுதியது?

பாயிஸாவை வகுப்புக்கு வெளியே விறாந்தையில் போட்டிருந்த வாங்குப் பலகையில் உட்காரவைத்துவிட்டுப் போன வாரம் நாம் பிரிந்தோம். இன்றைக்கும் அவள் அங்கே போய்த்தான் உட்கார வேண்டும்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கண்டி வாவிக்கு மேலே மேட்டில் இருக்கும் அந்த மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில், தன் வகுப்பில் படிக்கும் ஒரே முஸ்லிம் பிள்ளை பாயிஸா. வயது பதினைந்து. தவணைச் சோதனையில் கணக்குப் பாடத்துக்கு வகுப்பிலேயே கூடிய புள்ளி அவளுக்கு. பக்கத்தில் இருக்கும் திரேசாவுக்கு அதற்கு அடுத்த புள்ளி. ஏழாவது கணக்கில் இரண்டு பேரும் ஒரே இடத்தில் ஒரே பிழையை விட்டிருந்தார்கள்.

ஒருத்தி மற்றவளைப் பார்த்து எழுதியிருக்கிறாள் என்பது தெரிந்துபோயிற்று. எவள் என்று யாரும் கேட்கவில்லை. கமலாசனி டீச்சர் நேரே பாயிஸாவிடம் வந்து, "உந்தத் தலைத்துணிக்குள்ளை என்ன வைச்சிருக்கிறாய்? அவிட்டுக் காட்டு" என்றார். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதியவளுக்குத் தலைத்துணிக்குள் என்ன தேவை என்றும் யாரும் கேட்கவில்லை.

பாயிஸா அவிழ்க்க மாட்டேன் என்றாள். அன்றைக்கு வெளியே போனவள்தான்.

வியாழக்கிழமை காலை, கட்டுக்கலை வீட்டில் பாயிஸாவின் தாய் றம்லத்துக்குப் பொறுமை தீர்ந்துபோயிருந்தது.

"இண்டைக்காவது பள்ளிக்கூடத்துக்குப் போறீங்களா, இல்லையா?"

நளீர் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். பிலிமத்தலாவையில் அவருக்குத் துணி விற்கும் பிடவைக் கடை. காலை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம் அவருக்கு எப்போதும் இருக்கும். மனைவி ஏதாவது கேட்டால் அது இன்னும் கூடும்.

"கொழும்புலருந்து சரக்கு வார நாள். நாளைக்குப் பாப்போம்."

"நேத்தும் நாளைக்கு எண்டுதான் சென்னீங்க. நாளைக்கு வெள்ளி. பொறகு சனி, ஞாயிறு. அதுவரைக்கும் அந்த வாங்குலயே ஈக்கட்டா அவள்?"

"நான் போய் எனத்தப் பேசுறது, றம்லத்? அந்த வெள்ளக்காரிக்கு எங்கட பேச்சு வெளங்காது. எனக்கு அவட பேச்சு வெளங்காது."

"அப்ப நான் போறன்."

நளீரின் கை கோட்டுப் பொத்தானில் நின்றது. "நீயா? காக்கா கேள்விப்பட்டா?"

"கேள்விப்படட்டும்."

போன வருஷம் றம்லத் வோட்டுப் போடப் போனபோதும் அவர் இதையேதான் கேட்டார். றம்லத் இதையேதான் சொன்னாள். அதற்குப் பிறகு ஆறு மாதம் நளீரின் அண்ணனான அந்தக் காக்கா இந்த வீட்டில் தேத்தண்ணி குடிக்கவில்லை.

திரை கட்டிய ரிக்‌ஷாவில் தாயும் மகளும் ஏறினார்கள். பாயிஸா ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாளாகவே அப்படித்தான். "நீ பாத்து எழுதினியா?" என்று கேட்டால் "இல்ல." "அந்தப் புள்ள ஒன்னப் பாத்து எழுதினாளா?" என்று கேட்டால் பதில் இல்லை. இந்தப் பிள்ளையோடு மல்லுக்கட்டவும் றம்லத்துக்குத் தெம்பில்லை.

கண்டி ஊருக்குள், கொழும்புத் தெருவில் ரிக்‌ஷா நின்றது. நிறுத்தியவர் ஸெய்னுலாப்தீன். நளீரின் மூத்த காக்கா, பள்ளிவாசல் நிர்வாகத்தில் பெரிய ஆள். தன் கடை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தவர், ரிக்‌ஷாக்காரனை அடையாளம் கண்டு கையைக் காட்டிவிட்டார்.

"யாரு உள்ளுக்கு? றம்லத்தா?"

றம்லத் திரையை நீக்காமலே சொன்னாள். "பள்ளிக்கூடத்துக்குப் போறோம், மச்சான்."

"எனத்துக்கு? இன்னும் அசிங்கப்படவா? அவங்கட பள்ளிக்கூடத்துல எங்கட புள்ளயளுக்கு மரியாத இல்லயெண்டு நான் அண்டைக்கே சென்னன். எங்கட புள்ள கள்ளியா? எங்கட குடும்பத்துல கள்ளி ஈக்காளா? இந்த நிமிஷமே நிப்பாட்டு. வீட்டுக்குத் திருப்பு."

தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். றம்லத் திரைக்குள்ளிருந்தே சொன்னாள்.

"மச்சான், அங்க அவள் கள்ளி எண்டு செல்லி வெளிய போடுறாங்க. நீங்க அவள் நல்லவ எண்டு செல்லி வெளிய எடுக்கச் செல்லுறீங்க. எப்பிடிப் பாத்தாலும் எங்கட புள்ள வெளியதான்."

ஸெய்னுலாப்தீன் பதில் தேடுவதற்குள் ரிக்‌ஷா நகர்ந்துவிட்டது. அவர் கடைக்குள் போகவில்லை. பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்தார்.

தலைமையாசிரியையான பெரிய மிஸ்ஸின் அறையில் மூன்று கதிரைகள் இருந்தன. ஒன்றில் பெரிய மிஸ், ஒன்றில் கமலாசனி டீச்சர். மூன்றாவதை டீச்சர் காட்டினார்.

"இருங்கோ."

றம்லத் உட்கார்ந்தாள். பாயிஸா சுவரோரமாக நின்றாள். பெரிய மிஸ் வெள்ளைக்காரி. இந்த ஊருக்கு வந்து பல வருஷமாகியும் அவருக்கு வந்த தமிழ் "நல்லது", "கவலை வேண்டாம்" இவ்வளவுதான். இரண்டையும் சொல்லிவிட்டு டீச்சரைப் பார்த்தார். குற்றம் சாட்டியவரே இன்றைக்கு மொழிபெயர்ப்பாளரும்.

"நான் ஒரு கேள்வி கேக்கத்தான் வந்த" என்றாள் றம்லத். "எங்கட புள்ளதான் பாத்து எழுதினது எண்டு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ரெண்டு பேற்றை பேப்பரிலையும் ஒரே பிழை. பக்கத்திலை பக்கத்திலை இருந்தவை."

"சரி. அப்ப அந்தப் புள்ள எங்கட புள்ளயப் பாத்து எழுதியிருக்க ஏலாதா?"

டீச்சர் உடனே சொன்னார். "திரேசா அப்பிடிப்பட்ட பிள்ளை இல்லை."

"எங்கட புள்ள எப்பிடிப்பட்ட புள்ள?"

டீச்சர் மேசைமேலிருந்த விடைத்தாள்களை அடுக்கத் தொடங்கினார்.

"அந்தப் புள்ளக்குப் போன தவணை கணக்குக்கு எத்தன புள்ளி? எங்கட புள்ளக்கு எத்தன? ஒங்களுக்குத் தெரியாதா? ரெண்டு பேருக்கும் நீங்கதானே படிச்சிக் குடுக்குறீங்க?"

போன தவணை திரேசா கணக்கில் சித்தியடையவில்லை. பாயிஸாவுக்கு அப்போதும் நல்ல புள்ளிதான். டீச்சருக்கு அது தெரியாமல் இல்லை. நினைத்துப் பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அவர் முகம் லேசாகக் கறுத்தது.

தாய் என்ன சொல்கிறார் என்று பெரிய மிஸ் கேட்டார். டீச்சர் ஆங்கிலத்தில் சொன்னார்: தாய் மிகவும் வருத்தப்படுகிறார்; இனி இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்.

"உம்மா அப்படிச் சொல்லவில்லை."

சுவரோரமிருந்து ஆங்கிலத்தில் வந்தது குரல். பெரிய மிஸ் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"அப்படியென்றால் என்ன சொன்னார்?"

பாயிஸா சொன்னாள். குரல் நடுங்கினாலும் ஆங்கிலம் நடுங்கவில்லை. நான்தான் பார்த்து எழுதினேன் என்று எப்படித் தெரியும் என்று உம்மா கேட்கிறார். நான் எப்படிப்பட்ட பிள்ளை என்று கேட்கிறார். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

றம்லத்துக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் திரேசா என்ற பெயர் அதில் ஒரு இடத்திலும் வரவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

"அந்தப் புள்ளயப் பத்திக் கேட்டத ஏன் விட்ட?"

"உம்மா, போவோம்."

"ஏன் விட்டெண்டு கேக்குறன்."

பாயிஸா தரையைப் பார்த்தாள். றம்லத்துக்கு வந்த கோபத்தில் கதிரை பின்னால் போயிற்று. "யா அல்லாஹ்! இந்த அறைக்குள்ள நான் சென்னதச் சென்னபடி செல்ல ஒருத்தருமே இல்லயா?"

பிறகு அவளே பெரிய மிஸ்ஸைப் பார்த்து, தெரிந்த இரண்டு ஆங்கிலச் சொல்லைச் சேர்த்துப் போட்டாள்.

"மிஸ். திரேசா கோல்."

திரேசாவைக் கூப்பிடச் சொல்கிறாள் என்பதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

திரேசா வந்தாள். பாயிஸாவின் வயதுதான். அவளுடைய அப்பா பேராதனை ஸ்டேஷனில் வேலை. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அறைக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தவள், பாயிஸாவைப் பார்த்ததும் அழத் தொடங்கிவிட்டாள். பெரிய மிஸ் கேள்வியைக் கேட்டு முடிக்கவில்லை.

"நான்தான் பாத்து எழுதினனான், டீச்சர். அவ ஒண்டும் செய்யேல்லை. போன தரம் பெயில் எண்டு அப்பா அடிச்சவர். அதுதான்..."

கமலாசனி டீச்சர் அதை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். றம்லத் மகளைப் பார்த்தாள். மகளுக்கு இதெல்லாம் முன்பே தெரியும் என்பது அந்த முகத்திலேயே எழுதியிருந்தது.

இப்போது என்ன நடந்தது என்று கேளுங்கள். பெரிய மிஸ் எழுந்து வந்து திரேசாவின் தோளில் கையைப் போட்டார். உண்மையைச் சொல்ல நிறையத் துணிச்சல் வேண்டும் என்றார். பிள்ளை களைத்துப்போயிருக்கிறாள், போய்ச் சூடாகப் பால் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் படுத்திருக்கட்டும் என்று அனுப்பிவைத்தார். பிறகு பாயிஸாவின் பக்கம் திரும்பினார். விடைத்தாளை மூடிவைத்துக்கொண்டு எழுதியிருக்க வேண்டும். பார்க்க விடுவதும் பாதிக் குற்றம்தான். அதோடு, டீச்சர் கேட்டவுடன் தலைத்துணியை அவிழ்த்துக் காட்டியிருந்தால் விஷயம் இவ்வளவு தூரம் வளர்ந்திருக்காது.

இந்தத் தடவை டீச்சர் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னார். சொல்லும்போது றம்லத்தின் முகத்தைப் பார்க்கவில்லை.

"பாத்து எழுதின புள்ளக்குப் பால்" என்றாள் றம்லத். "எழுதிவெச்ச புள்ளக்குப் புத்திமதி. நல்லா ஈக்கு."

பெரிய மிஸ் இன்னும் முடிக்கவில்லை. பாயிஸா இன்றே வகுப்புக்குப் போகலாம். ஆனால் டிசம்பரில் ஜூனியர் கேம்பிரிட்ஜ் சோதனை இருக்கிறது. அதற்கு அவள் பெயரை அனுப்புவதாக இருந்தால், அதுவரை அவளைக் கல்யாணத்துக்காக நிறுத்த மாட்டோம் என்று தாய் வாக்குத் தரவேண்டும். முன்பு இரண்டு முஸ்லிம் பிள்ளைகள் இப்படித்தான் நடுவில் போய்விட்டார்கள்.

"திரேசாட உம்மாகிட்டயும் இந்த வாக்கு வாங்கினீங்களா?"

இல்லை என்றார் டீச்சர்.

"வேற யார்ட உம்மாகிட்டயாவது?"

அதற்கும் இல்லை.

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே எழுந்து போய்விடலாமா என்று றம்லத்துக்குத் தோன்றியது. போனால் யாருக்குச் சந்தோஷம் என்றும் உடனே தோன்றியது. கொழும்புத் தெருவில் ஒருவர் அதற்காகத்தானே காத்திருக்கிறார்.

"செல்லுங்க டீச்சர், சென்னபடியே செல்லுங்க. வல்லாஹி, டிசம்பர்ல சோதன எழுதி முடிக்கிற வரைக்கும் கலியாணப் பேச்சு எங்கட வீட்டுப் படி ஏறாது."

பெரிய மிஸ்ஸுக்குத் திருப்தி. "நல்லது" என்றார்.

வெளியே விறாந்தையில் டீச்சர் பின்னாலேயே வந்தார்.

"உங்களுக்கு என்னிலை கோவம் இருக்கும்."

"ஈக்கு."

"முந்திப் போன ரெண்டு பிள்ளையளும் நல்ல கெட்டிக்காரியள். நான் பின்னேரத்திலை வைச்சுப் படிப்பிச்சனான். சோதனைக்கு முன்னம் எடுத்துப்போட்டினம். ஏன் வீணாய் மினக்கெட்டனீர் எண்டு பெரிய மிஸ் என்னைத்தான் கேட்டவ. அதோடை எனக்கு உங்கடை ஆக்களிலை நம்பிக்கை விட்டுப்போச்சு."

"அதுக்கு எங்கட புள்ளட தலைத்துணிய அவுக்கச் செல்லுறதா?"

டீச்சர் வகுப்பு வாசலைத் திரும்பிப் பார்த்தார். "அது பிழைதான்."

"அத என்கிட்டச் செல்லி எனத்துக்கு? வகுப்புல போய்ச் செல்லுங்க. அங்க வெச்சித்தானே அவுக்கச் சென்னீங்க?"

டீச்சர் பாயிஸாவைக் கூட்டிக்கொண்டு வகுப்புக்குள் போனார்.

அந்த நேரம் பிலிமத்தலாவைக் கடையில் நளீர் துணிக்கட்டுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். எதிரே முக்காலியில் ஸெய்னுலாப்தீன். கண்டியிலிருந்து பஸ்ஸில் வந்த களைப்பு அவருடைய குரலில் கொஞ்சமும் இல்லை.

"தெருவுல நிண்டு எனக்கு எதுத்துப் பேசுறாள் ஒன்ட பொஞ்சாதி. அத விடு. புள்ளட பேரு என்னாகுது எண்டு யோசிச்சியா? பள்ளிக்கூடத்துல கள்ளப்பட்டம். இந்தக் கத கட்டுகஸ்தோட்டைக்குப் போக எவ்வளவு நேரம்? அங்க ஒரு நல்ல எடம் கேட்டு ஈக்கு. கத போக முந்திப் பேசி முடிச்சிருவோம்."

"அவள் களவெடுக்கல்ல, காக்கா."

"எடுக்கல்ல எண்டு எனக்குத் தெரியாதா? ஊருக்குத் தெரியணுமே."

நளீர் ஒரு கட்டை மடித்தார். மடித்ததை மறுபடியும் அவிழ்த்தார். கடைக்கு வந்தவர்கள் விலை கேட்டுவிட்டு நின்றார்கள். காக்கா இருக்கும்வரை வியாபாரம் நடக்காது. ஆம் என்று சொல்லும்வரை காக்கா எழும்ப மாட்டார். பள்ளிக்கூடத்தில் றம்லத் என்ன பேசினாளோ, என்ன கேட்டாளோ. அநேகமாக அங்கே மகளின் படிப்பு முடிந்துதான் போயிருக்கும் என்று நளீர் தனக்குள்ளே தீர்மானித்துக்கொண்டார். அப்படித் தீர்மானிப்பது சுலபமாகவும் இருந்தது.

"சரி. ஞாயிற்றுக்கெழம வந்து பாக்கட்டும்."

"வாக்கா?"

"வாக்குத்தான்."

காக்கா எழும்பினார்.

பின்னேரம் பாயிஸா வீட்டுக்கு வந்ததும் றம்லத் முதல் வேலையாக அதைத்தான் கேட்டாள்.

"டீச்சர் வகுப்புல சென்னாங்களா?"

"ஒண்ணும் செல்லல்ல. ஏழாவது கணக்கப் பலகையில செய்யச் சென்னாங்க. செஞ்சன். 'இதுதான் சரி, எல்லாரும் எழுதுங்கோ' எண்டாங்க. அவ்வளவுதான்."

றம்லத் பெருமூச்சு விட்டாள். மன்னிப்புக் கேட்க வாய் வராதவர்கள் சுண்ணக்கட்டியைக் கையில் கொடுக்கிறார்கள்.

"அவள் பாத்து எழுதினது ஒனக்கு முந்தியே தெரியும். ஏன் செல்லல்ல நீ? மூணு நாளா வெளிய குந்திக்கிட்டு, வீட்டுலயும் வாயத் தொறக்காம! எனக்குப் பைத்தியம் புடிக்காத கொறதான்."

"சென்னா யாரு நம்புவாங்க, உம்மா?"

"நான் நம்ப மாட்டனா?"

பாயிஸா புத்தகங்களை மேசையில் வைத்தாள். "அந்த வகுப்புல எனக்குப் பக்கத்துல ஈக்குறது அவள் மட்டுந்தான். மத்தவங்க எல்லாம் ஒரு கத செல்லி வேற வாங்குக்குப் போயிருவாங்க. அவள் போகல்ல. அதனாலதான்."

"இப்ப?"

"இப்ப அவளும் போயிட்டா. முன் வாங்குக்கு மாறிட்டா."

நியாயம் கேட்கப் போனவள் மகளுடைய ஒரே சிநேகிதியை இல்லாமல் பண்ணிவிட்டு வந்திருக்கிறாள். கேட்காமல் இருந்திருக்கவும் முடியாது. யார்மேல் கோபப்படுவது? மகளின் தலையை ஒருமுறை தடவிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

நளீர் வழக்கத்தைவிட முந்தியே வந்துவிட்டார். முன்னறையில் உட்கார்ந்தவர், தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார். றம்லத் காலையிலிருந்து நடந்ததைச் சொல்லி முடித்தாள். திரேசா ஒத்துக்கொண்ட இடம் வந்தபோது அவர் நிமிர்ந்தார். வாக்குக் கொடுத்த இடம் வந்தபோது கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்ன?" என்றாள் றம்லத்.

"ஒண்ணுமில்ல."

"ஒங்கட மூஞ்சி ஒண்ணுமில்ல எண்டு செல்லல்லயே."

"காக்கா கடைக்கு வந்தாரு."

"வந்து?"

"கட்டுகஸ்தோட்டைல ஒரு எடம்... ஞாயிற்றுக்கெழம வந்து புள்ளயப் பாக்கட்டும் எண்டு சென்னன்."

அடுப்பில் என்னவோ கருகும் மணம் வந்தது. றம்லத் அசையவில்லை.

"நீங்க சென்னீங்க."

"பள்ளிக்கூடம் முடிஞ்சுபோச்சு எண்டு நெனச்சன்."

"என்ட வாயால ஒரு சொல்லுக் கேக்க முந்தி நெனச்சீங்க. அந்த டீச்சர் எங்கட புள்ளட வாயால ஒரு சொல்லுக் கேக்க முந்தி நெனச்சாங்களே, அதே மாதிரி."

"றம்லத்..."

"அல்லாஹ்ட பேரச் செல்லி வாக்குக் குடுத்துட்டு வந்து ஈக்கிறன் நான். அந்த வெள்ளக்காரி எனக்கு முன்னாலயே செல்லுறா, ஒங்கட ஆக்கள் இப்பிடித்தான், நடுவுல எடுத்துருவீங்க எண்டு. அவட வாய அடைச்சிட்டு வாறன். இஞ்ச வந்தா நீங்க அவ சென்னதச் சரியெண்டு காட்ட ஆள் வரச் சென்னீங்களா?"

நளீருக்குக் கோபம் வந்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இப்பவே போங்க. காக்காட்டப் போய் ஏலாது எண்டு செல்லிட்டு வாங்க."

"எப்பிடிச் செல்லுற? வாக்கு எண்டு கேட்டாரு. வாக்கு எண்டு சென்னன்."

"ஒங்கட வாக்குத்தான் வாக்கா? என்டது எனத்த?"

உள்ளறை வாசலில் பாயிஸா நின்றாள். அவள் எப்போது வந்தாள் என்று இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

"வாப்பா" என்றாள். "என்கிட்ட யாராவது ஒரு வாக்குக் கேப்பீங்களா?"

நளீர் மகளைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் நின்று ஆங்கிலத்தில் பேசியவள் இவள்தானா என்று பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. அவர் வாயைத் திறந்தார்.

அப்போது கதவு தட்டப்பட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும்! நளீர்! கதவத் தொற." ஸெய்னுலாப்தீனின் குரல். குரலில் உற்சாகம். "நல்ல காரியத்த எனத்துக்கு ஞாயிறு வரைக்கும் தள்ளுவான்? கட்டுகஸ்தோட்டைக்காரங்க இந்தப் பக்கம் வந்தாங்க, கையோட கூட்டிக்கிட்டு வந்துட்டன்."

அவருக்குப் பின்னால் பெண்களின் பேச்சுக் கேட்டது. ஒருத்தி சிரித்தாள். யாரோ செருப்பைக் கழற்றி வைத்தார்கள். படி ஏறியாயிற்று.

றம்லத் கதவை நோக்கிப் போக ஓர் அடி எடுத்துவைத்தாள். நளீர் எழுந்தார். எழுந்தவர் மனைவியின் முன்னால் வந்து நின்றார்.

"நீ பேசாத. நான் பேசுறன்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்தச் சொல்லை அவர் சொல்லி றம்லத் கேட்டதில்லை. அவர் என்ன பேசப்போகிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை. தாழ்ப்பாளில் கையை வைத்த நளீருக்கும் அது இன்னும் தெரிந்திருக்கவில்லை.